முதலாம் அணிக்கு ஒரு போனஸ் கதிரை

அரைகுறையாகக் கற்ற ஒன்றை மேடையேறி விளக்க ஒருவனுக்கு ஆசை வந்துவிட்டால், வீட்டில் உள்ளவர்கள் உடனே அவனுடைய கார்ச் சாவியை ஒளித்துவைத்துவிட வேண்டும். என் வீட்டில் ஒருவரும் ஒளிக்கவில்லை. ஆகவே ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை கனடாவில், வோபர்னில் உள்ள மண்டபம் ஒன்றுக்குக் காரோட்டிப் போய், ஊரே பார்த்திருக்க, என் சொந்த மனைவியைக் கதிரையிலிருந்து எழுப்பினேன்.

விஷயம் கூழில் தொடங்கியது. எங்கள் ஊர்ச் சங்கம் கோடையில் ஒன்றுகூடல் வைக்கும். அதற்குச் சமைப்பவர்கள் ஒன்பது பெண்கள். என்ன சமைப்பது என்று முடிவெடுப்பவர்கள் நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒன்பது ஆண்கள். அந்த வருடம் தலைவர் குலம் அண்ணை ஒருவரையும் கேளாமல், "இந்தமுறை எல்லாருக்கும் ஒடியல் கூழ்!" என்று மைக்கில் அறிவித்துவிட்டார். பனங்கிழங்கு மாவில் இறாலும் மீனும் போட்டுக் காய்ச்சும் கூழ், முந்நூறு பேருக்கு. என் மனைவி சகுந்தலா இரண்டு நாள் இறால் உரித்தாள். மூன்றாம் நாள்தான் என்னோடு பேசினாள்.

"இஞ்சரப்பா, எங்களுக்கு ஒரேயொரு கதிரை போதும். மெனு முடிவெடுக்கேக்க எங்கட ஆள் ஒராள் அதில இருக்கோணும்."

அதுதான் நடக்காத காரியம். எங்கள் தேர்தல் கை உயர்த்தும் தேர்தல். சங்கத்தில் மோர்னிங்சைட் பகுதியில் குடியிருப்பவர்கள்தான் தொகையில் அதிகம். ஒன்பது கதிரையும் அவர்களுக்கே போகும். யூனியன்வில் பகுதிக்காரர் தோற்றுத் தோற்றுக் களைத்து, கூட்டத்துக்கு வந்தால் குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றுவதில்லை.

"இதுக்கு விகிதாசாரம்தான் மருந்து" என்றேன் நான்.

(நான் பண்டகசாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு நான் எடுத்த புள்ளியை இன்றுவரை மகளுக்குச் சொன்னதில்லை.)

சாப்பாட்டு நேரங்களில், நாங்கள் விட்டுவந்த நாட்டில் பாராளுமன்ற ஆசனங்களை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று போனில் தேடித் தேடி வாசித்தேன். பிறகு இரண்டு பக்கத்தில் விதிகள் எழுதினேன். அணிக்கு வாக்கு, வாக்குக்கு ஏற்றபடி கதிரை. அதற்கு முன்னால், முதலாவதாக வரும் அணிக்கு ஒரு போனஸ் கதிரை.

"உந்தப் போனஸ் என்னத்துக்கு?" என்று கேட்டாள் சகுந்தலா.

"அங்க அப்பிடித்தான்."

"இது கனடாவெல்லோ?"

"விதியெண்டால் முழுசா எடுக்கோணும். பாதியா எடுத்தால் அது விதியில்லை."

இப்படி ஒரு வசனம் என் வாயில் வந்ததே என்று அன்று முழுக்கப் பெருமைப்பட்டேன். மோர்னிங்சைட்காரரான குலம் அண்ணையோ போனஸ் என்ற சொல்லைக் கண்டதும் மிச்சத்தை வாசிக்காமலே சம்மதித்து, என்னையே தேர்தல் அதிகாரியாகவும் ஆக்கிவிட்டார்.

தேர்தலன்று பெட்டியில் முதல் சீட்டு விழுமுன் நான் அறிவித்தேன்: "தேர்தல் அதிகாரி வாக்குப் போடமாட்டார். நடுநிலையா இருக்கோணும்." இந்தமுறை தனி அணியாக நின்ற பெண்களின் தலைவி சகுந்தலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அந்தப் பார்வை விளங்கியிருக்க வேண்டும். நான் அதை மரியாதை என்று நினைத்தேன்.

எண்ணி முடித்தோம். மோர்னிங்சைட் எழுபத்தொன்று. யூனியன்வில் நாற்பது. பெண்கள் ஒன்பது.

ஒன்பது பெண்கள், ஒன்பது வாக்கு. கணவர்மார் எல்லோரும் அதே மண்டபத்தில்தான் இருந்தார்கள். திடீரென்று அத்தனை பேருக்கும் கூரையில் பார்க்க ஏதோ இருந்தது.

நான் தளரவில்லை. மேடையில் ஒன்பது கதிரை போட்டு, மைக்கும் கையுமாகக் கணக்கை ஆரம்பித்தேன். போனஸ் கதிரை மோர்னிங்சைட்டுக்கு. மிச்சம் எட்டு. நூற்றிருபது வாக்கை எட்டால் பிரித்தால் பதினைந்து வாக்குக்கு ஒரு கதிரை. மோர்னிங்சைட்டுக்கு நான்கு, யூனியன்வில்லுக்கு இரண்டு. இன்னும் இரண்டு கதிரை காலி. ஒன்றுமே கிடைக்காத அணியும் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் என் மூளை கணக்கை விட்டுவிட்டுக் காதலில் இறங்கியது.

"சகுந்தலா, வாரும்! வந்து இரும்!"

கைதட்டல். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு மேடையேறிக் கதிரையில் இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்படிச் சிரித்துக் கனகாலம்.

முன்வரிசையில் குலம் அண்ணை, அன்றைக்கு வாசிக்காமல் விட்ட பக்கத்தை இப்போது வாசித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மிச்ச வாக்குக் கூடின அணிக்குத்தான் மிச்சக் கதிரை எண்டெல்லோ எழுதியிருக்கிறாய்? மிச்சத்தைச் சொல்லு பாப்பம்."

மோர்னிங்சைட்டின் மிச்சம் பதினொன்று. யூனியன்வில்லின் மிச்சம் பத்து. பெண்களுக்கு ஒன்பது. மூன்று தரம் கழித்துப் பார்த்தேன். ஒன்பது ஒன்பதாகவே இருந்தது.

"சகுந்தலா..."

"சொல்லுங்கோ."

"கொஞ்சம் எழும்பும்."

மைக் வேலை செய்துகொண்டிருந்தது. அன்றைக்கென்று மிக நன்றாகவே வேலை செய்தது.

அவள் ஆறுதலாக எழும்பினாள். கதிரையையும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். முன்வரிசைக்கும் முன்னால் அதைப் போட்டு, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கதிரையைத் திருப்பிக் கேட்டு வாங்க ஒருவருக்கும் துணிவில்லை. அந்த வருடக் குழுப் படத்தில் யூனியன்வில்லின் மூன்றாவது உறுப்பினர் நின்றுகொண்டிருக்கிறார்.

திரும்பும்போது பின்சீட்டில் மகள் காவியா போனில் ஏதோ தட்டிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, போனஸ் இல்லாட்டி அம்மா வின். ஒன்பதால டிவைட் பண்ணிப் பாருங்கோ."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"அதை விடுங்கோ. போனஸ் இருந்தும், நீங்க வோட் பண்ணியிருந்தா அம்மா வின். யூனியன்வில்லை ஜஸ்ட்டா பீட் பண்ணுறா."

சகுந்தலா கையை நீட்டிக் கார் ஹீட்டரை நிறுத்தினாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்தநாள் குலம் அண்ணை போனில் ஆறுதல் சொன்னார்: "கணக்குத் தெரிஞ்ச பெஞ்சாதியோட சமாளிக்கலாம் தம்பி. கணக்குத் தெரிஞ்ச பிள்ளையோட ஏலாது."

அடுத்த வருடம் போனஸை நீக்கினோம். சகுந்தலா குழுவுக்குள் போனாள். முதல் கூட்டத்திலேயே அவள் கொண்டுவந்த தீர்மானம்: இந்தமுறையும் ஒடியல் கூழ், இறால் உரிக்கும் பொறுப்பு முன்னாள் தேர்தல் அதிகாரிக்கு. ஒருவரும் எதிர்க்கவில்லை. (கனடாவில் இத்தனை இறால் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.)

இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மீன் பொரியல் மிஞ்சினால், காவியா கரண்டியை மைக்போல என் வாய்க்கு முன்னால் நீட்டுவாள்.

"அப்பா, வோட் பண்ணுறீங்களா, நடுநிலையா?"

நான் பொறுப்பதில்லை. அம்மாவுக்குத்தான் என்று கையைத் தூக்கிவிடுவேன். இரண்டு கையையும்.