மேற்கே சூலம், பையில் வெல்லம்

தோற்கிறவனுக்குத்தான் பஞ்சாங்கம் தேவைப்படுகிறது. ஜெயிக்கிறவன் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இது எனக்கு இன்று தெரியும். யுத்த காலத்தில், விழுப்புரத்தில், அரை நிஜாரோடு கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றபோது தெரிந்திருந்தால் என் மானம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

எங்கள் ஃபுட்பால் டீமுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஊரில் ஒருவரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஸ்டேஷனில் இறங்கி, "ராசியில்லாத டீம் ஆடற எடம் எது?" என்று கேட்டால் போதும், குதிரை வண்டிக்காரர் நேராக எங்கள் மைதானத்தில் கொண்டுவந்து விட்டுவிடுவார். அப்பேர்ப்பட்ட புகழ்.

எங்களுக்கு ஆடத் தெரியாமல் இல்லை, அதுதான் விசேஷம். முதல் பாதியில் புலி. இரண்டு கோல், சில நாள் மூன்று கோல்கூடப் போட்டுவிடுவோம். இடைவேளை முடிந்து வந்தால் அதே ஆட்கள், அதே பந்து, ஆனால் கோல் எல்லாம் எங்கள் பக்கம் விழும். நான்தான் கோல்கீப்பர். ஊரார் இதற்குப் பல காரணம் சொன்னார்கள். கண் திருஷ்டி என்றார்கள். மைதானத்து மண் சரியில்லை என்றார்கள். என் மூஞ்சிதான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு (என் சொந்த அத்தை உட்பட).

எங்கள் கேப்டன் கன்னியப்பன் அண்ணன் மட்டும் ஒரே காரணத்தைச் சொன்னார். சூலம்.

அண்ணன் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டியில் எடை போடுகிறவர். சட்டைப் பையில் எப்போதும் பஞ்சாங்கம் இருக்கும். "ஞாயித்துக்கெழம மேக்க சூலம்டா. மேக்க பாத்து ஒரு காரியத்த ஆரம்பிச்சா அது உருப்புடுமா?" என்பார். எங்கள் ஆட்டம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். அதனால் டாஸ் ஜெயித்தால் யோசிக்காமல் மேற்குப் பக்கத்துக் கோலை எடுத்துக்கொள்வார். அப்போதுதான் முதல் பாதியில் நாங்கள் கிழக்கே பார்த்து ஓடலாம். டாஸ் தோற்றாலும் கவலையில்லை. எதிர் டீம் கேப்டன்கள் அத்தனை பேரும் பெருந்தன்மைக்காரர்கள். "பரவால்லண்ணா, ஒங்களுக்கு எது தோதோ அத எடுத்துக்குங்க" என்று சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பார்கள். ஏன் சிரித்தார்கள் என்று நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை. (நல்ல மனுஷர்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.)

இரண்டாம் பாதியில் பக்கம் மாறும். மேற்கே பார்த்துத்தான் ஆடியாக வேண்டும். அதற்கும் அண்ணனிடம் பரிகாரம் இருந்தது. மேற்குச் சூலத்துக்கு வெல்லம். இடைவேளையில் ஆளுக்கு ஒரு பெரிய கட்டி, மேலே ஒரு சொம்பு தண்ணீர். தின்று முடித்தால் வயிறு தொம்மென்று ஆகிவிடும். போதாததற்கு ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன்பே ஆட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும். தொடங்கியது நடுவில் நிற்கவும் கூடாது. நின்றால் மறுபடி தொடங்குவது ராகுகாலத்தில் ஆகிவிடுமே! அதனால் இடைவேளை முழுக்க எங்கள் லெஃப்ட் விங் ஒரு துணிப்பந்தை உருட்டிக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வருவான். ஆட்டம் நிற்கவில்லை என்று ராகுவுக்குக் காட்டுவதற்காக. அப்புறம் இரண்டாம் பாதியில் அவனால் நடக்கவே முடியாது. "அவனுக்கும் ராசியில்ல, பாவம்" என்பார் அண்ணன்.

இப்படி நாங்கள் வெற்றிகரமாகத் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்குத் திண்டிவனத்தில் ஒரு வரன் வந்தது. பெண்ணின் பெயர் அலமேலு. அவளை நான் முன்பே பார்த்திருந்தேன். மேல்மலையனூரில் ஓர் அமாவாசைக் கூட்டத்தில் மல்லாட்டை விற்கிறவரிடம், "படிக்குள்ள கட்ட வெரல வுட்டுக்கினு அளக்கறீங்களே, வெரலுக்கும் சேத்து காசு குடுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிட்டேன். கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லையென்றால் காசி ராமேஸ்வரம் என்று முடிவு செய்தேன். (அந்த வாய் ஒருநாள் என் பக்கம் திரும்பும் என்று அப்போது தோன்றவில்லை. இளமை.)

ஜாதகம் பொருந்திவிட்டது. எனக்கு ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் வேலை, அதுவும் பிடித்துவிட்டது. முட்டுக்கட்டை போட்டவர் அவள் அப்பா தனகோட்டி. மல்லாட்டை வியாபாரியான அவர் அடிக்கடி விழுப்புரம் மண்டிக்கு வருவார். வந்தவர் காதில் ஊர் ஓதிவிட்டது. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம் சொன்னார்:

"பையன் தங்கமான பையன்தாங்க. ஆனா ராசியில்லாத பையன்னு ஊரே சொல்லுது. பொண்ண குடுத்துட்டு நாளைக்கி நான் பேஜாராவக் கூடாது பாருங்க. வர்ற ஞாயித்துக்கெழம எங்க ஊருலதான் இவங்க ஆடறாங்களாம். நானே வந்து பாக்கறேன். கெலிச்சாங்கன்னா தட்டு மாத்திக்கலாம். தோத்தாங்கன்னா மனசுல வெச்சுக்காதீங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனிடம் ஓடினேன். "அண்ணா, என் வாழ்க்கையே ஒங்க கையிலதான் கீது" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "கவலய வுடுடா ராஜவேலு. இந்த தபா ஒனக்கு டபுள் வெல்லம்" என்றார். நானும் மடையன் மாதிரி நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

திண்டிவனத்து மைதானமும் கிழக்கு மேற்குதான். கிழக்குக் கோலுக்குப் பின்னால் ஒரு புளியமரம். அதனடியில் ஒரு கூண்டு வண்டி நின்றது. வண்டிக்குள் அலமேலுவும் அவள் அம்மாவும். பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு தனகோட்டி. நான் எதிர்ப்பக்கம், மேற்குக் கோலில். அங்கிருந்தே பார்த்தேன். அலமேலு புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உற்று உற்றுப் பார்த்தாள். கையை எடுக்கவே இல்லை. இத்தனை கூட்டத்தில் என்னைத்தான் தேடுகிறாள் என்று எனக்குப் புல்லரித்துப் போயிற்று.

முதல் பாதியில் வழக்கம்போல் இரண்டு கோல் போட்டோம். தனகோட்டி குடையால் தரையைத் தட்டி ஆரவாரம் செய்தார். நான் மனசுக்குள் பத்திரிகையே அடித்துவிட்டேன். இடைவேளையில் திண்டிவனம் கேப்டன் ஒரு தட்டு நிறைய உருண்டை வெல்லத்தோடு வந்தான். "அண்ணா, ஒங்களுக்குன்னே வாங்கியாந்தேன். வெக்கப்படாம துன்னுங்க!" அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எதிராளியா இருந்தாலும் என்னா மரியாத பாருடா!" என்றார். என்னை மூன்று உருண்டை தின்னவைத்து, இன்னும் இரண்டை என் நிஜார் பைகளில் பைக்கு ஒன்றாகப் போட்டார். "உள்ளாரயும் வெல்லம், வெளியிலயும் வெல்லம். சூலத்தால ஒன்ன ஒண்ணும் பண்ண முடியாது. முழு காபந்து!"

இரண்டாம் பாதிக்கு நான் கிழக்குக் கோலில், அலமேலுவின் வண்டிக்கு நேர் முன்னால் போய் நின்றேன். நெஞ்சை நிமிர்த்தி மேற்கே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மைதானம் முழுக்க ஒரே மஞ்சள். தை மாசத்துச் சூரியன் சரியாக எதிர்க் கோலுக்கு மேலே வந்து உட்கார்ந்திருந்தது. ஆட்கள் நிழலாக ஓடினார்கள். எவன் நம்மவன், எவன் எதிரி என்று புரியவில்லை. வழக்கமாக இரண்டாம் பாதியில் இப்படித்தான் ஆகும். சூலம் வேலையைக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பந்து! பந்து!" என்று கத்தினார்கள். உருண்டையாக, பளபளவென்று ஒன்று என்னை நோக்கி வருவது தெரிந்தது. ஒரே எம்பு. இரண்டு கையையும் விரித்து, உயிரைக் கொடுத்துத் தாவினேன். பந்து என் காலுக்கடியில் உருண்டு போய்க் கோலுக்குள் விழுந்தது. நான் தாவியது சூரியனை.

"யோவ் அனுமாரே! அது பழம் இல்லய்யா!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். திண்டிவனமே சிரித்தது.

அடுத்த தடவை உஷாராக இருந்தேன். இரண்டு உருண்டை தெரிந்தால் மேலே இருப்பது சூரியன், கீழே இருப்பது பந்து என்று கணக்குப் போட்டு வைத்தேன். அந்தப் பாவி உயரமாக அடித்துத் தொலைத்தான். நான் கீழே விழுந்து புரண்டு எதையோ கெட்டியாகப் பிடித்தேன். எங்கள் ஃபுல்பேக்கின் கால். இரண்டுக்கு இரண்டு.

இதற்குள் நிஜார் பையில் வெல்லம் வியர்வையில் உருகித் தொடை வழியாக இறங்க ஆரம்பித்தது. புளியமரத்தில் குடியிருந்த சிவப்பு எறும்புகளுக்குச் சேதி எட்டிவிட்டது. முதலில் ஒன்றிரண்டு வந்து பார்த்தன. அப்புறம் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தன. நான் வலது காலை உதறினேன். இடது காலை உதறினேன். இடுப்பைச் சொறிந்தேன். தூரத்திலிருந்து அண்ணன், "அப்படித்தாண்டா! சுறுசுறுப்பா இரு!" என்று உற்சாகப்படுத்தினார்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். மறுபடி "பந்து!" என்ற கூச்சல். இனிமேல் கண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை என்று இறுக மூடிக்கொண்டேன். தொப்பென்று நெஞ்சில் வந்து விழுந்தது. வெல்லக் கையில் பந்து பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. பிடித்துவிட்டேன்! என் வாழ்க்கையைப் பிடித்துவிட்டேன்! அந்த விநாடியில், சொல்லக் கூசும் ஓர் இடத்தில், ஓர் எறும்பு கடித்தது.

"ஐயோ அம்மா!" என்று பின்பக்கமாக ஒரு துள்ளு துள்ளினேன். பந்தோடு கோல் கோட்டைத் தாண்டி, குட்டிக்கரணம் போட்டு, வண்டிச் சக்கரத்தில் முட்டி நின்றேன். கோல் என்று விசில் ஊதினார்கள். கண்ணைத் திறந்தால் தலைக்கு மேலே அலமேலுவின் முகம். முறைப்படி பெண் பார்த்தது அப்போதுதான். நான் மல்லாக்கக் கிடந்தபடி, பந்தைக் கட்டிக்கொண்டு, கால்களை உதறிக்கொண்டிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, மிச்சத்தை எறும்பு தின்றது.

தனகோட்டி குடையை மடக்கினார். "பாத்தியாம்மா? கைக்கு வந்தது வாய்க்கு எட்டல. சுத்தமா ராசியில்லாத பையன். வா போலாம்" என்றார். எனக்கு எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை.

அலமேலு நகரவில்லை. "இருங்கப்பா. ராசியாவது மண்ணாவது! இம்மா நேரமா இவரு நின்ன எடத்துக்குப் பின்னாலதான் நான் குந்திக்கினு இருந்தேன். வெயிலு மூஞ்சில அடிச்ச அடியில எனக்கு மாடு எது, மனுசன் எதுன்னே தெரியல. கைய வெச்சி மறச்சி மறச்சி கையே வலிக்குது. பொழுது சாயற நேரத்துல இந்தப் பக்கம் நின்னா பந்து எப்படித் தெரியும்? காசு சுண்டினப்பவே பாத்தேன். யாரும் தள்ளல. இவங்களே கேட்டு வாங்கிக்கினாங்க. பையில வெல்லத்த வெச்சிக்கினு புளியமரத்தடியில நின்னா எறும்பு வராம ஆனையா வரும்?"

தனகோட்டி திகைத்துப் போனார். "அப்ப இந்தப் பையனுக்கு ராசி இருக்குதுன்றியா?"

"ராசிக்கு ஒரு கொறையும் இல்ல. புத்திதான் இல்ல."

"புத்தி இல்லாதவனுக்கா ஒன்னக் குடுக்கச் சொல்ற?"

"ராசி இல்லன்னாதாம்பா ஒண்ணும் பண்ண முடியாது. புத்தி இல்லன்னா நான் பாத்துக்கறேன்."

வைகாசியில் கல்யாணம். கிழக்கே பார்த்து மணையில் உட்கார வைத்தார்கள். பந்தல் இடுக்கு வழியாகக் காலை வெயில் நேராக என் கண்ணில் அடித்தது. கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள், எனக்கு எதிரில் ஒன்றும் தெரியவில்லை. தடவிக்கொண்டிருந்தேன். குனிந்த தலை நிமிராமல் அலமேலு மெல்லச் சொன்னாள்: "பந்து இல்லீங்க, தாலி. கண்ணத் தொறந்து கட்டுங்க."

அவள் அட்டை வைத்துத் தைத்துக் கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனேன். ஜெயித்துவிட்டோம். கன்னியப்பன் அண்ணன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "வந்தவ ராசிடா!" என்றார். வீட்டில் சொன்னேன். அலமேலு கரண்டியோடு அண்ணனைத் தேடிக் கிளம்பினாள், பிடித்து உட்கார வைத்தோம். அண்ணன் கடைசிவரை மசியவில்லை. "மேக்க பாத்து நின்ன, பையில வெல்லம் இருந்துச்சி, பொண்ணு கெடச்சிச்சி. பரிகாரம் பலிச்சிதா இல்லியா?" என்பார்.

எங்கள் வீட்டில் யாரும் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. பரீட்சையில் கோட்டை விட்டாலும் சரி, பாலைப் பொங்கவிட்டாலும் சரி, "பையில வெல்லம் இருக்குதா பாரு" என்று எல்லாரும் ஒன்றாகக் கத்துவார்கள். போன பொங்கலன்று மூத்தவன், வேண்டுமென்றே என் எதிரில், அவளைக் கேட்டான்: "அம்மா, அப்பாவ கட்டிக்கினது ஒன்னோட அதிர்ஷ்டமா?"

அலமேலு பானையைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "அவருக்குத்தான் அதிர்ஷ்டம். நான் கேட்டு வாங்கிக்கினேன்."