உச்சத்தேவை

மின் நிலையங்கள் உலகில் ஆயிரம் இருக்கலாம். 'அவசரம்' என்ற சொல்லை அவசரப்படாமல் புரிந்துகொண்டது, உறையூர் ஓரத்தில் இருக்கும் எங்கள் உச்சத்தேவை மின் நிலையம் ஒன்றுதான். ஊரில் கரண்ட் போனால் எண்ணெயில் ஓடும் எங்கள் இன்ஜின் உடனே கைகொடுக்கும் என்று வாசல் பலகை சொல்கிறது. எழுதியவன் நான், மக்கள் தொடர்பு அலுவலர்.

போன மே மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. பொறியாளர் அழகிரி மின்னல் வேகத்தில் மீட்டிங் கூட்டினார். தலைப்பு: 'மின்வெட்டில் நம் பங்கு'. போண்டா வந்த நேரத்தில் பின்தெரு வள்ளிக்கண்ணு உள்ளே வந்தார். அவருடைய கணவர் காத்தமுத்து, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்றவர், ஆக்சிஜன் மெஷினில் மூச்சு விடுபவர்.

"பேட்டரி அரை மணி நேரந்தான் சார் தாங்கும். இன்ஜினப் போடுங்க."

"போடத்தாம்மா இருக்கோம்," என்றார் அழகிரி. "எண்ணெய் கெட்டியா இருக்கு. ஹீட்டர்ல சூடு பண்ணினாத்தான் ஓடும். ஹீட்டருக்குக் கரண்ட் வேணும்."

"அப்ப, கரண்ட் வந்தாத்தான் நீங்க கரண்ட் குடுப்பீங்களா?"

"கரெக்டாப் புரிஞ்சுக்கிட்டீங்க."

பொதுமக்களிடம் இவ்வளவு தொழில்நுட்ப அறிவை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

வள்ளிக்கண்ணு காதைத் தீட்டினார். "வெளிய என்னமோ ஓடுதே?"

"அது சின்ன ஜெனரேட்டர். ஹீட்டருக்குன்னு வாங்கினது. இப்போதைக்கு இந்த ரூம் ஏசிக்குக் குடுத்திருக்கோம். மீட்டிங் நடக்குதுல்ல?"

அவர் விறுவிறுவென்று வெளியே போனார். நாங்கள் இரண்டாவது தீர்மானத்துக்கு வந்தபோது ஆக்சிஜன் மெஷினோடு ஆட்டோவில் திரும்பினார். டிரைவரும் அவரும் காத்தமுத்துவைத் தாங்கி வந்து அழகிரியின் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏசியும் மெஷினும் சேர்ந்தா ஜெனரேட்டர் இழுக்காதும்மா," என்றார் அழகிரி.

"ஏசிய நிறுத்துங்க."

ஒருவரும் அசையவில்லை. பெரிய முடிவுகளுக்குக் கலந்தாலோசனை தேவை. வள்ளிக்கண்ணு தாமே சுவிட்சைத் தேடி அணைத்தார், மெஷினைச் செருகினார். கொஞ்ச நேரத்தில் காத்தமுத்து கண்ணைத் திறந்து, வியர்த்து வழியும் எங்களைப் பார்த்தார். "பாவம், புழுங்குதா?" என்றார். குரலில் கேலி இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நிலையம் தொடங்கி ஆறு வருடத்தில் எங்கள் மின்சாரத்தால் ஓர் உயிர் பிழைத்தது அன்றுதான். அதை முறைப்படி பதிவு செய்யும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. வள்ளிக்கண்ணு மேல் மின் திருட்டுப் புகாரை, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல், நான்தான் எழுதிக் கொடுத்தேன்.