துரை கொடுத்த கடிகாரம்

காலத்தை மதித்தவர்களைக் காலமும் மதிக்கும். அப்பாவின் தலைத்திவச அழைப்பிதழுக்காக இந்த வாக்கியத்தைச் சேதுபதி மூன்று நாள் யோசித்து எழுதியிருந்தார்.

அப்பா மருதப்பன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை எண்ணியவர். அவர் நேர்மையை மெச்சி வெள்ளைக்காரத் துரை ஒருவர் தம் கோட்டையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்தார் என்பது குடும்ப வரலாறு. கோட்டைப் போட்டுத்தான் அப்பாவை மயானத்துக்கு அனுப்பினார்கள். கடிகாரம் மிஞ்சியது. அது ஓடவில்லை.

"திவசத்தன்னிக்கு அது ஓடணும்மா. எங்க சங்கத்து மெம்பரெல்லாம் வர்றாங்க."

"அவரு கையில ஓடாதது உன் கையில ஓடப் போகுதாக்கும்," என்றாள் அம்மா அன்னம்மா.

"மணி கேட்டா அப்பா அதைப் பாத்துத்தானே சொல்வாரு?"

"பாப்பாரு," என்றாள்.

அழைப்பிதழில் கடிகாரக் கம்பெனியின் பெயரும் வரவேண்டும் என்று சேதுபதிக்கு ஆசை. கண்ணாடி எப்போதோ விழுந்திருந்ததால், மங்கிய முகப்பைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தார். பெயர் துணியோடு வந்துவிட்டது. கூடவே எட்டும் ஒன்பதும்.

கேம்பல் லேனில், கடைகளை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் கடிகாரம் பழுதுபார்க்கும் யாக்கூப்பிடம் ஓடினார்.

"பின்மூடி இறுகிப் போச்சு தம்பி. எண்ணெயில ஊறணும். விட்டுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க லா."

மறுநாள் மூடி திறந்திருந்தது. உள்ளே, முட்கள் ஆடாமலிருக்க மடித்துச் செருகிய ஒரு காகிதம். வேறொன்றும் இல்லை.

"மெஷின் எங்க பாய்?"

"அதைத்தான் நானும் தேடுறேன்."

"துரை கையில கட்டின கடிகாரம் இது."

"காகிதத்தையா கட்டினாரு?"

சேதுபதி சங்க மேடைக்குப் பழக்கிய குரலை எடுத்தார். "செத்தவரு சொத்துலயும் கை வைக்கிறாங்கப்பா." கூட்டம் சேர்ந்தது. ஒருவர், பழுது பார்க்காத தம் கடிகாரத்தைப் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். அவரைப் பார்த்து இன்னும் இருவர்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தத் தூண்ல சாஞ்சு உக்காந்திருக்கேன் தம்பி," என்றார் யாக்கூப். "நாளைக்கு நான் எங்க போய் உக்கார்றது?"

"அத்தாட்சி காட்டுறேன், வாங்க."

அத்தாட்சி, அழைப்பிதழில் போட அவர் பையில் வைத்திருந்த ஒரு புகைப்படம். கோட்டு போட்ட வாலிப மருதப்பன், மணிக்கட்டு நன்றாகத் தெரிய நெஞ்சில் கை வைத்து நிற்கிறார். படத்தின் பின்னால் சிராங்கூன் ரோடு ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை. யாக்கூப் தம் பெட்டியைப் பூட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

ஸ்டூடியோக்காரர் பாலகிருஷ்ணனுக்கு வயதாகியிருந்தது. சேதுபதி படத்தை நீட்டினார்.

"பெரிசாக்கிக் குடுங்க. கடிகாரம் தெளிவாத் தெரியணும். போலீசுக்குக் குடுக்கணும்."

பாலகிருஷ்ணன் படத்தைப் பார்க்கவில்லை. கடிகாரத்தை வாங்கிப் புரட்டினார்.

"வந்துருச்சா," என்றார். பிறகு சுவரைக் காட்டினார்.

பழுப்பேறிய இருபது படங்கள். இருபது வாலிபர்கள். எல்லார் நெஞ்சிலும் கை, எல்லார் மேலும் அதே கோட்டு. எல்லார் கடிகாரத்திலும் மணி பத்து பத்து.

"ஊருக்குப் படம் அனுப்பினாத்தான் பொண்ணு குடுப்பாங்க. அதுக்குன்னே எங்கப்பா வச்சிருந்தது. மெஷின் கெட்டுப் போச்சு, கழட்டிட்டாரு. படத்துக்கு மெஷின் எதுக்கு?"

பாலகிருஷ்ணன் இப்போதுதான் படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இவரை நல்லா ஞாபகம் இருக்கு. பொண்ணு கப்பல்ல வருது, படத்துல பாத்த ஆளாவே போய் நிக்கணும், ஒரு நாளைக்கு இரவல் குடுங்கன்னாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். எங்கப்பா என்னை அடிச்சாரு."

யாக்கூப் தணிந்த குரலில், "ஒரு பழைய மெஷின் இருக்கு தம்பி. போட்டுத் தரேன். திவசத்துக்கு ஓடும்," என்றார்.

சேதுபதி தலைகுனிந்து கடிகாரத்தை ஸ்டூடியோக்காரரிடமே நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்க," என்றார் பாலகிருஷ்ணன். "இப்பல்லாம் யாரும் இரவல் கேக்குறதில்ல. கோட்டை மட்டும் குடுத்துடுங்க. அது எங்கப்பாவோட கல்யாணக் கோட்டு."