கூடைக்கு ஏழு பெயர்

அன்பும் அதைவிடப் பொறுமையும் மிகுந்த அக்காவுக்குத் தங்கை எழுதுவது. இங்கு நாங்கள் எல்லோரும் நலம், ஒருவரும் தூங்குவதில்லை என்பதைத் தவிர. நீ, அத்தான், பையன் மூவரும் நலந்தானே? 'பாப்பாவைப் படுக்கவைக்க எங்கள் கூடையை அனுப்பட்டுமா' என்று மூன்று மாதத்துக்கு முன் நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபிக்காதே, ஆராய்ச்சியில் இருந்தேன்.

முதல் கடையில் பாப்பா படுக்கும் கூடையை பாசினெட் என்று சொல்லிக் கேட்டேன். சக்கரம் வைத்த ஒன்றைக் காட்டினார்கள். அடுத்த கடையில் அதே சாமானுக்குப் பெயர் கிரேடில். மூன்றாவது கடைக்காரர், "அதெல்லாம் பழசு மேடம், இது பெட்சைடு ஸ்லீப்பர்" என்று அதையேதான் தள்ளிக்கொண்டு வந்தார். மோசஸ் கூடை, தொட்டில், தூளி, ஏணை என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பெத்த புள்ளைக்கு இன்னும் பேர் வைக்கல, அவன் தூங்குற கூடைக்கு ஏழு பேரா?"

கூட வேலை பார்ப்பவள் தன் மோசஸ் கூடையைக் கொடுத்தாள். அதில் இரண்டு கைப்பிடி, கூடவே ஒரு தாள்: குழந்தையை உள்ளே வைத்துத் தூக்கக் கூடாது. அப்புறம் கைப்பிடி எதுக்கு என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மாமியார் அதில் துணியை மடித்து அடுக்கிவிட்டு, "இதுக்குத்தாம்மா லாயக்கு" என்கிறார். அவனோ அப்பா நெஞ்சைத் தவிர எங்கேயும் கண்மூட மாட்டேன் என்கிறான், இவரும் நாற்காலியிலேயே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார், காலையில் எழுந்து அப்படியே பஸ் ஓட்டப் போய்க்கொண்டிருந்தார், போன வாரம் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்றாராம், கண்டக்டர் போய் டிப்போவில் சொல்லிவிட்டார். "நல்லா தூங்கி எழுந்து வாங்க, அதுவரைக்கும் வண்டி கிடையாது" என்று மேனேஜர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதனால் அக்கா, பேர் எதுவாக வேணா இருக்கட்டும், உன் பையன் சுவிட்சை அணைத்த மாதிரி தூங்குவானே, அந்தக் கூடையை நாளைக்கே பார்சலில் போடு.

அத்தானுக்கு வணக்கம், பையனுக்கு முத்தம். உங்கள் வீட்டில் அனைவரும் படுத்ததும் தூங்க வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை.

பி.கு.: கூடையை அனுப்பாதே. இந்தக் கடிதத்தை மடிக்கும்போது "ஏய், விழுந்துட்டான்டி" என்று இவர் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் பாயில் கிடந்தவன் தானாகவே குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறான் அக்கா, முதல் தடவை. புரள ஆரம்பித்துவிட்டால் இந்தக் கூடைகள் எதிலும் போடக் கூடாதாம். இதில் மட்டும் ஏழு பெயர்க்காரர்களும் ஒரே கட்சி. மல்லாக்கத் திருப்பினேன், புரண்ட அசதியில் அங்கேயே தூங்கிவிட்டான். பக்கத்திலேயே இவரும், குறட்டையோடு. இரண்டு மணி நேரமாக நான்தான் காவல். குப்புற விழுந்தவனுக்குத் தானாக மல்லாக்கத் திரும்ப எப்போது வரும்? உடனே எழுது.