ஆம்ப்ரோஸ் சாவி கொண்ட படலம்

வாழ்க, வாழ்க! மஞ்சள் தலைக்கவசமே மணிமுடியாகவும், இரும்பு முனைக் காலணியே வீரக்கழலாகவும் பூண்டு, நாற்பதாம் மாடிச் சாரத்தில் நாலு திசைக் காற்றோடும் மல்லுக்கு நின்றவனும், தூத்துக்குடிக் கரையில் பிறந்து, கடல் தாண்டி வந்து கிராஞ்சித் தொழிலாளர் விடுதியின் இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டில் ஒன்பது ஆண்டு கிடந்தவனும், இந்தத் தீவில் ஆயிரத்து இருநூறு வீடுகளுக்குச் சுவரெழுப்பி அவற்றுள் ஒன்றிலும் ஒரு மதியம்கூடப் படுத்துறங்காதவனும் ஆகிய ஆம்ப்ரோஸ் என்னும் பெருந்தகை வாழ்க! அவன் தன் சொந்த வீட்டுச் சாவிக்காக ஒரு வியாழக்கிழமை முழுதும் பொருத பெரும்போரை உரைக்கப் புகுகிறேன். சொற்களே, இருப்பதிலேயே கனமானவையாகப் பார்த்து வாருங்கள். சிமெண்டு மூட்டை சுமந்த தோளுக்கு உங்கள் கனம் பெரிதில்லை. லிப்டே, இன்று ஒருநாள் பழுதாகாமல் இரு.

அன்று காலை பத்து மணிக்கு, தேக்கா வட்டாரத்தில் ஏழாண்டு வாடகைக்கிருந்த ஒற்றையறையை ஆம்ப்ரோஸும் அவன் இல்லத்தரசி உர்சுலாவும் காலி செய்தனர். அடுத்த வாடகைக்காரர்கள் படியிலேயே பெட்டியோடு நின்றதால் திரும்பிப் போக வழியில்லை. இனி அவ்விருவருக்கும் வானத்துக்குக் கீழே கூரையென்று சொல்லிக்கொள்ள இருந்தது மார்சிலிங்கில் ஐந்தாம் மாடியில் ஒரு மூவறை வீடு மட்டுமே. அதன் சாவியோ இன்னும் கைக்கு வரவில்லை. அவர்களுடைய உலகனைத்தும், அதாவது ஒரு குளிர்பெட்டி, ஒரு கட்டில், இரண்டு அலமாரி, பதினேழு அட்டைப்பெட்டி, மாதா படம் ஒன்று ஆகிய யாவும், கம்பெனி லாரியென்னும் பெருந்தேரில் கயிறு வரிந்து கட்டப்பட்டிருந்தன. தேரோட்டியோ புதுக்கோட்டை தந்த புயல், ரஞ்சன்.

"அண்ணே, நாலரைக்கு லாரி காலியா இருக்கணும்" என்று அவன் காலையிலேயே அறிவித்துவிட்டான். "உட்லண்ட்ஸ் சைட்ல இருபத்திரண்டு பேர ஏத்தணும். லேட்டாப் போனா என்னய வறுத்துத் தின்னுருவானுங்க. அப்புறம் நீங்களாச்சு, உங்க கட்டிலாச்சு, புளோக்குக்குக் கீழ போட்டுப் படுத்துக்குங்க."

நாலரை! அதுவே அன்றைய போரின் எல்லைக்கோடு. அதற்குள் சாவி வந்தால் சொந்த வீடு. வராவிட்டால் அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்கும் பூனைகளுக்கும் நடுவே, அவ்விரவுக்கு அரண்மனை.

ஆயினும் ஆம்ப்ரோஸ் அஞ்சினானில்லை. சாவி கைமாற வேண்டிய வக்கீல் அலுவலகம் இருந்த மூன்றாம் மாடிக்குப் படியேறினான். பதினொரு மணிக்கு வரச்சொன்ன இடத்துக்குப் பத்தேகாலுக்கே போய் நின்றான். பின்னால் உர்சுலா வந்தாள்: சமையற்கூடத்தில் நாளொன்றுக்கு முந்நூறு பேருக்குச் சோறு வடிக்கும் கையினள், பேச்சு குறைந்தவள், மறதி அறியாதவள். புது வீட்டில் முதன்முதலாகப் பால் காய்ச்சுவதற்கென்றே வாங்கிய எவர்சில்வர்ப் பானையை மூடிபோட்டுத் துண்டால் இறுகக் கட்டி, பிள்ளையைப் போல் இடுப்பில் வைத்திருந்தாள். நாற்காலியில் அமர்ந்து அதை மடிக்கு மாற்றியபோது அது "கிணுங்" என்றது.

"என்ன சத்தம்?" என்றான் வீரன்.

"பானைதான்" என்றாள் அவள்.

முகப்பு மேசையில் வீற்றிருந்தாள் ஜெனிவீவ் என்னும் இளநங்கை. கணினித் திரை முன்னே ஒளிர, காதில் தொலைபேசி மகரக்குழையென ஆட, அவள் முதல் அருள்வாக்கை உதிர்த்தாள்: "பேப்பர் எல்லாம் ஓகே லா அங்கிள். சாவி மட்டும் வரணும். வீட்டை வித்தவங்க பத்து மணிக்குக் கொண்டாந்து தரேன்னு சொன்னாங்க. போன் போட்டா எடுக்கல."

வீட்டை விற்றவர் மைமூன் அக்கா. முப்பதாண்டு அவ்வீட்டில் வாழ்ந்து, இப்போது தெம்பனிசில் மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர். சாவியை வக்கீலின் கையில் கொடுக்க மனமின்றி, குடிவருகிறவர் கையிலேயே நேரில் கொடுப்பேன் என்று சொல்லி வைத்திருந்தவர். அவர் எங்கே? பதினொன்றாயிற்று. பதினொன்றரையும் ஆயிற்று. தெம்பனிஸ் என்ன கடலுக்கு அப்பாலா இருக்கிறது?

காத்திருத்தல் என்னும் அசுரனுக்குக் கைகள் பல. முதற்கையில் அவன் ஏந்தி வந்தது குளிர்சாதனம். உச்சி வெயிலில் கான்கிரீட் கொட்டும்போது வாடாத ஆம்ப்ரோஸ், பழுத்த கம்பியை வெறுங்கையால் தொட்டும் முகம் சுளிக்காத ஆம்ப்ரோஸ், அந்த அலுவலகத்துக் குளிரில் சேவற்குஞ்சு போல் நடுங்கி, உர்சுலாவின் சேலைத்தலைப்பைத் தோளில் போர்த்திக்கொண்டான். அசுரனின் இரண்டாம் கையில் பழைய ஆங்கிலப் பத்திரிகை. அதில் சமையலறை அலமாரிப் படங்களை நாலு தரம் பார்த்து, எந்த மூலை கோணல் என்றும் கண்டுபிடித்து முடித்துவிட்டான். மூன்றாம் கையில் பசி. "சாவி கையில் படாமல் சோறு வாயில் படாது!" என்று எழுந்து நின்று சூளுரைத்தான். பிறகு உர்சுலா பையிலிருந்து எடுத்து நீட்டிய உளுந்துவடை சோற்றில் சேராது என்று முடிவுசெய்து, மூன்று தின்றான்.

கீழே வீதியில் தேர் படும் பாடோ சொல்லில் அடங்காது. நிறுத்த இடமில்லை, நிறுத்தினால் சம்மன் எழுதும் சீருடைக்காரர் எங்கிருந்தோ முளைத்து வருகிறார். ஆதலின் ரஞ்சன் சிராங்கூன் சாலையில் ஏறி, ரேஸ்கோர்ஸ் சாலையில் இறங்கி, மீன்தலைக்கறி வாசனைக்குள் புகுந்து, பூக்கடை வாசனையில் வெளிப்பட்டு, கோள் கதிரவனைச் சுற்றுவதுபோல் அவ்வட்டாரத்தை வலம்வந்தான். சுற்றுக்கொரு முறை போர்முனைச் செய்தி வந்தது. "அண்ணே, ஏழாவது சுத்து. நகைக்கடை வாட்ச்மேன் கையெடுத்துக் கும்பிடுறாரு, சாமி ஊர்வலம்னு நெனச்சுட்டாரு போல. மாதா படம் வெளிய தெரியுது." பதினொன்றாம் சுற்றில், "டீசல் யாரு கணக்குண்ணே?" என்ற வினா வந்தபோது மாவீரன் தொலைபேசியை மெல்லச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

உர்சுலா மட்டும் கலங்கவில்லை. காய்ச்ச வாங்கிய பால் பாக்கெட் திரிந்துவிடக் கூடாதென்று ஜெனிவீவிடம் கொடுத்து அலுவலகக் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னாள். அந்நங்கையும் அதன்மேல் "யாரும் காப்பியில் ஊத்தாதீங்க, இது புது வீட்டுப் பால்" என்று சிவப்பு மையால் எழுதி ஒட்டினாள். அவள் தமிழில் எழுதி ஆறு வருடமாயிற்றாம். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அந்த அறிவிப்புக்கு ஒரு வக்கீலும் எதிர்வழக்காடவில்லை.

மணி இரண்டேமுக்கால். கதவு திறந்தது. வந்தார் மைமூன் அக்கா! வியர்வை வழிய, ஒரு கையில் வாளியும் மறுகையில் துடைப்பக்கட்டையும் ஏந்தி, எம்ஆர்டி ரயிலில் எல்லோரும் விலகி வழிவிட நின்றே வந்தவர், நாற்காலியில் பொத்தென்று அமர்ந்தார்.

"தம்பி, எங்கப்பா போனீங்க ரெண்டு பேரும்? குடிவர்ற வீட்டை ஒருதடவ கூட்டித் துடைச்சுக் கொடுக்கணும்னு காலைல எட்டு மணிக்கே மார்சிலிங் போயிட்டேன். உள்ள போக முடியல. சரி, குடிவர்ற நாளாச்சே, நீங்க நேரா அங்கயே வருவீங்கன்னு வாசல்லயே உக்காந்திருந்தேன். போன்ல சார்ஜ் வேற செத்துப்போச்சு. பகல் ஒரு மணி வரைக்கும் பாத்துட்டுக் கெளம்பி வர்றேன். அந்தக் கேட்டுல இருக்குற—"

"இருக்கட்டும் அக்கா, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்!" என்று முழங்கினான் ஆம்ப்ரோஸ். அவன் கண்கள் அவருடைய கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த சாவிக்கொத்தின்மேல் இருந்தன. சொந்த வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஏன் உள்ளே போக முடியவில்லை? இந்த ஒரு கேள்வியை அவன் கேட்டிருந்தால் இக்காவியம் இங்கேயே முடிந்திருக்கும். அவன் கேட்கவில்லை.

கையெழுத்துகள் பொழிந்தன. மைமூன் அக்கா பிஸ்மி சொல்லி, ஐந்து சாவி கோத்த வளையத்தை வலக்கையால் எடுத்து, ஆம்ப்ரோஸ் நீட்டிய கையைத் தாண்டி, உர்சுலாவின் கையில் வைத்தார். "அடுப்ப விட்டுட்டுத்தான் போறேம்மா. பால் காய்ச்சுறப்ப இடது பக்கத்து அடுப்பப் பத்த வை. வலது பக்கம் சன்னல் காத்து வந்து அணைச்சுப்புடும். முப்பது வருசமா அதோட சண்டை போட்டேன், நான் ஜெயிக்கல." சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிற்று. உர்சுலா அந்த ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குளிர்பெட்டிக்குப் போய்ப் பாலை எடுத்துக்கொண்டாள்.

வடக்கே பறந்தது தேர். விரைவுச்சாலையில் ஆமையாய் ஊர்ந்தும், சமிக்ஞை விளக்கில் தவமியற்றியும், நாலேகாலுக்கு ஐந்து நிமிடம் முன்பு மார்சிலிங் புளோக்கின் காலடியில் வந்து நின்றது. "நான் கீழ எறக்கிக்கிட்டே இருக்கேன், நீங்க போய்த் தொறங்கண்ணே!" என்று ரஞ்சன் கயிற்றை அவிழ்க்க, ஆம்ப்ரோஸ் உர்சுலாவோடு ஐந்தாம் மாடி ஏறினான். இரும்புக் கேட், அதற்குப் பின்னே மரக்கதவு, அதற்குப் பின்னே பிறந்த நாள் முதல் அவனுக்கு வாய்க்காத சொந்த வீடு. கேட்டில் ஒரு பூட்டுத் தொங்கியது.

முதற்சாவி முன்னேறியது: நீண்டு மெலிந்த பித்தளை வீரன். பூட்டின் வாய்க்குள் பாதிகூட நுழையாமல் பின்வாங்கினான். அவன் மரக்கதவுக்கு உரியவன். இரண்டாமவனும் மூன்றாமவனும் படுக்கையறைகளின் இரட்டைத் தளபதிகள், நுழைந்தார்கள், திரும்பவில்லை. நாலாமவன் தபால் பெட்டியின் சிறுபடைத் தலைவன், உள்ளே விழுந்து தொலைந்துபோகும் அளவுக்குப் பொடியன். ஐந்தாவது சாவி எதற்கென்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. அது துருவேறிய மௌனத்தோடு வந்து மௌனத்தோடு தோற்றது.

"ஏங்க" என்றாள் உர்சுலா.

"பொறு உர்சுலா. இது இரும்பு சமாச்சாரம்." மீண்டும் முதற்சாவியிலிருந்து தொடங்கினான். எச்சில் தொட்டுத் தடவினான். சாவியை எண்ணெயிட ஒரு வடையின்மேல் தேய்த்தான். தோளால் கேட்டை மோதினான். ஆயிரத்து இருநூறு வீட்டுக் கேட்டுகளை அசையாமல் பொருத்தியவர்கள் அவனையொத்த ஆண்மக்களே ஆதலால் கேட் அசையவில்லை.

"ஏங்க..."

"சுத்தியல்! சுத்தியல் எந்தப் பெட்டியில இருக்கு?" என்று மாடிச் சுவரில் எட்டிப் பார்த்து இடிமுழக்கம் செய்தான்.

"பதினேழு பெட்டி இருக்குண்ணே! எதுலன்னு சொல்லுங்க!" என்று பாதாளத்திலிருந்து விடை வந்தது. "மணி நாலு இருபத்தஞ்சு! எல்லாம் எறக்கியாச்சு, நான் கெளம்பறேன்!"

வாயிற்படியில் உட்கார்ந்தான் மாவீரன். "நம்ம வீட்டு வாசல்லயே நம்மள நிறுத்திட்டானே" என்றான். யாரைச் சொன்னான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

இம்முறை உர்சுலா ஏங்க என்று அழைக்கவில்லை. "பூட்டப் பாருங்க" என்றாள்.

"அதத்தான பாத்துக்கிட்டிருக்கேன்!"

"நீங்க சாவியப் பாத்துக்கிட்டிருக்கீங்க. பூட்டப் பாருங்க."

பார்த்தான். பூட்டின் வயிற்றில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு.

விடுதியில் எல்லோரும் ஒரே கடையில் ஒரே பூட்டைத்தான் வாங்குவார்கள். ஆகையால் வேலையிடத்தில் மிஞ்சிய பெயிண்டால் ஆளுக்கொரு நிறத்தில் குறியிட்டுக்கொள்வார்கள். மஞ்சள் கோடு ஆம்ப்ரோஸின் குலக்கொடி. அலமாரி, மிதிவண்டி, அரிசி டின் எதுவாயினும் தன் பூட்டுத் தொங்கினால்தான் தனது என்று ஒன்பது ஆண்டு வாழ்ந்த கை அது. போன வாரம் வீட்டுத் தரகரோடு வீட்டைக் கடைசியாகப் பார்வையிட வந்தபோது, கேட்டின் பழைய பூட்டுத் துருப்பிடித்துக் கையோடு வந்துவிட, அந்தக் கை தானாகவே கால்சட்டைப் பைக்குள் போய் மஞ்சள் கோட்டுப் பூட்டை எடுத்து மாட்டி "கிளிக்" என்று அமுக்கிவிட்டது. மைமூன் அக்காவைக் காலை முழுதும் வாளியோடு வாசலில் உட்காரவைத்த பகைவன் யார், லாரியைப் பதினாலு சுற்றுச் சுற்றவைத்த கொடியோன் யார் என்பது அவனுக்கு அக்கணமே விளங்கிற்று, காது சிவந்தது.

"ரெண்டு சாவில ஒண்ண என்கிட்ட கொடுத்து என்ன சொன்னீங்க?"

"முதல்ல எது தேவையோ அதோட சேத்து வைன்னு..."

உர்சுலா பானையின் துண்டை அவிழ்த்தாள். மூடியைத் திறந்தாள். "கிணுங்."

திறந்தது கேட்! திறந்தது மரக்கதவு! நாலு மணி இருபத்தொன்பதுக்கு, சுண்ணாம்பு வாசனையும் பழைய ஏலக்காய் வாசனையும் கலந்த ஒரு காற்று வெளிவந்து அவனை முகத்தில் தொட, தலைக்கவசமில்லாமல், பாதுகாப்புக் கயிறில்லாமல், மேற்பார்வையாளர் யாருமில்லாமல், ஆம்ப்ரோஸ் ஒரு முடிந்த வீட்டுக்குள் முதன்முறையாக அதன் உடையவனாய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தான். அரை மணி கழித்து, கீழே குவிந்து கிடந்த கட்டிலையும் குளிர்பெட்டியையும் இருவராக எப்படி ஏற்றுவதென்று அவர்கள் மலைத்து நின்ற வேளையில், போன தேர் திரும்பி வந்தது. அதிலிருந்து குதித்தனர் இருபத்திரண்டு பேர், கான்கிரீட் படிந்த காலணியோடு, கொலைப்பசியோடு. "புது வீடா அண்ணே, மொதல்ல சொல்றதில்லையா!" என்று ஆர்ப்பரித்து, அலமாரியை நால்வர், குளிர்பெட்டியை அறுவர், மாதா படத்தை அதிகப் பணிவுடன் ஸைஃப் என்னும் இளைஞன் ஒருவனே என்று தூக்கிக்கொண்டு, லிப்டு நிரம்பினால் படியேறி, பதினைந்து நிமிடத்தில் ஓர் உலகத்தை ஐந்தாம் மாடிக்குக் கொண்டுசேர்த்தார்கள். இடது பக்கத்து அடுப்பில் பால் பொங்கிற்று. ஒரு லிட்டர் பால் இருபத்தைந்து பேருக்கு, ஆளுக்கொரு மடக்கு, அதில் முதல் மடக்கை உர்சுலா படமெடுத்து, சார்ஜ் ஏறியிருந்த மைமூன் அக்காவின் போனுக்கு அனுப்ப, "இடது பக்கம்தானே?" என்று மட்டும் பதில் வந்தது. வென்றான் ஆம்ப்ரோஸ், வாகை சூடினான், வாசலில் நின்று மஞ்சள் கோட்டுப் பூட்டைக் கொடியென உயர்த்திப் பிடித்து, இனி இப்புவியில் எந்தச் சாவிக்காகவும் காத்திரேன் என்று எட்டுத் திக்கும் எதிரொலிக்க முழங்கினான்.

அந்தப் பூட்டின் இரண்டாவது சாவியை எங்கே வைத்தான் என்று இன்னும் ஞாபகம் வரவில்லை.