லாஃப்டில் இருத்திய சம்பந்திக்கு

குட்மேய்ஸ்,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி சுந்தரராஜன் அவர்களுக்கும் சம்பந்தி அம்மா நிர்மலா அவர்களுக்கும், கோசிகாவின் தகப்பன் கஸ்பர் கைகூப்பி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் மனைவி இம்மாகுலேற்றும் மகளும் சுகம். சுகம் என்றால் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், நேற்றிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. வெம்பிளியில் நீங்கள் இருவரும் மாப்பிள்ளை நவநீத்தும் எங்களைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிச்சயதார்த்தம் முடிந்து இந்த மூன்று கிழமையில், உங்கள் பேச்சில் மூன்று வாரத்தில், ஒன்பது தடவை உங்கள் நம்பரை அழுத்தி, மணி அடிக்க முன்னரே வெட்டிவிட்டேன். நேரிலும் வந்தேன். போன வியாழக்கிழமை எலிசபெத் லைன் ரயிலில் ஏறி, ஜூபிலி லைனுக்கு மாறி, உங்கள் வீட்டு வாசல்வரை வந்து, பெல்லில் விரல் வைக்கும்போதுதான், முன்கூட்டிச் சொல்லாமல் சம்பந்தி வீட்டுக்குப் போவது மரியாதையா என்ற சந்தேகம் வந்தது. சொல்லிவிட்டு வருவோம் என்று திரும்பினேன். வீட்டுக்கு வந்த பிறகு, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தபால் பிரிக்கும் இடத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவன் ஆகையால், கடைசியில் கடிதம்தான் கைகொடுத்தது.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். நிச்சயதார்த்தம் நடந்த ஹோல் ஒரு காலத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் கட்டிய தேவாலயம். அதைப் பார்த்துக்கொள்ளும் மக்லீன் என்ற பெரியவரிடம், மாப்பிள்ளையின் தாய் தகப்பனை எங்கே இருத்தினால் அதிகம் மரியாதை என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அவர் மேலே கையைக் காட்டி, அந்த மேல்மாடத்துக்குப் பழைய ஸ்கொட்லாந்துப் பேச்சில் லாஃப்ட் என்று பெயர், ஊரின் பெரிய குடும்பம் அங்கேதான் இருக்கும், முன்பலகையில் அவர்கள் பெயர் பொறித்திருக்கும், கீழே உள்ள சனம் அண்ணாந்து பார்க்கும் என்றார். அதோடு நிறுத்தினாரா, இல்லை. சில ஊர்களில் பேக்கரியில் பாண் சுடுகிறவர்களுக்கும் சப்பாத்துத் தைக்கிறவர்களுக்கும் தனித்தனி லாஃப்ட் இருந்தது, மண்டபம் என்றால் வாத்தியக்காரர் இருக்கும் மேல்தட்டும் லாஃப்ட்தான் என்றும் சொன்னார். உங்களை நான் பெரிய குடும்பமாக இருத்தினேனா, பாண்காரராக இருத்தினேனா, வாத்தியக்காரராக இருத்தினேனா என்று எனக்கே இப்போது விளங்கவில்லை.

ஆனால் அன்று பெரிய குடும்பம் என்ற ஒரு சொல்தான் என் காதில் நின்றது. ‘சுந்தரராஜன் குடும்பம்’ என்று தங்க நிறத்தில் ஒரு பெயர்ப்பலகை எழுதுவித்து, லாஃப்டின் முன்னால் கட்டி, இரண்டு கதிரை போட்டு, உங்கள் இருவரையும் அந்தச் சுழல்படியில் இருபத்தியொரு படி ஏற்றினேன். உங்கள் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருப்பது எனக்குப் பத்தொன்பதாவது படியில்தான் தெரியவந்தது. மிச்ச இரண்டு படியையும் நீங்கள் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறினீர்கள். மோதிரம் மாற்றினார்கள், கேக் வெட்டினார்கள், எல்லாம் உங்களுக்கு மேலே இருந்து வடிவாகத் தெரிந்திருக்கும், ஆட்களின் உச்சந்தலைதான் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் வினை. என் மனைவியின் தம்பி கிளின்ரன் மைக்கைப் பிடித்து, “எல்லாரும் சாப்பிட வாங்கோ” என்றான். எல்லாரும் என்றால் நீங்களும்தான் என்று நான் நினைத்தேன். எங்கள் வீட்டு வழக்கத்தில், மாப்பிள்ளையின் தகப்பன் தானாக எழும்பும்வரை யாரும் போய் அவசரப்படுத்தக் கூடாது, அது துரத்துவதுபோல் ஆகிவிடும். ஆகவே கீழே நின்று உங்களை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டேன், அவசரமில்லை, ஆறுதலாக வாருங்கள் என்ற அர்த்தத்தில். நீங்களும் கும்பிட்டீர்கள். சரி, ஆறுதலாக வருகிறார் என்று போய்விட்டேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து பார்த்தேன், கும்பிட்டேன், கும்பிட்டீர்கள். நாலு தடவை இப்படிக் கும்பிட்டோம். நாலாம் தடவை சம்பந்தி அம்மாவும் சேர்ந்து கும்பிட்டார்.

நவநீத் வந்து, “அங்கிள், அப்பா அம்மாவ யாருமே சாப்பிடக் கூப்பிடலையா?” என்று கேட்டபோதுதான் எனக்கு விசயம் உறைத்தது. உங்கள் வழக்கத்தில் பெண்ணின் தகப்பன் நேரில் போய்க் கூப்பிடாமல் சம்பந்தி எழுந்திருக்க மாட்டாராம். நான் நீங்கள் எழும்பட்டும் என்று நிற்க, நீங்கள் நான் கூப்பிடட்டும் என்று இருக்க, ஒரு மணி பத்து நிமிடம் போயிருக்கிறது. பூட்டாத கதவுக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நானும். நான் ஓடி வந்து உங்களை இறக்கியபோது, சைவச் சாப்பாட்டு மேசையைச் சனம் துடைத்து வைத்திருந்தது. மிஞ்சியது மீன் ரோல்ஸ். நீங்களோ முட்டைகூடத் தொடாதவர்கள். “பரவாயில்லை சார், ட்ரெயினுக்கு நேரமாச்சு” என்று சொல்லிப் போனீர்கள். அந்தச் ‘சார்’ என் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது, அதுவரை நீங்கள் என்னைச் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டீர்கள்.

அடுத்த நாள் ஹோலைத் துப்புரவாக்கப் போனேன். பெயர்ப்பலகையைக் காணவில்லை. கோபத்தில் பிய்த்து எறிந்திருக்கிறீர்கள் என்று விளங்கிக்கொண்டேன். அதில் பிழை இல்லை, நானாக இருந்தால் கதிரையையும் எறிந்திருப்பேன்.

வருகிற சனிக்கிழமை கல்யாணம். மூன்று கிழமையாக வெம்பிளியிலிருந்து ஒரு போன் இல்லை. நேற்றுக் கோசிகா அடுப்படியில் நின்று, “அப்பா, அவையள் வராட்டி நான் என்னெண்டு மாலை மாத்துறது?” என்று கேட்டாள். இம்மாகுலேற், “உங்கட மரியாதைதான் எங்கட பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுக்கப்போகுது” என்றாள். சம்பந்தி, எனக்குப் பயமாக இருக்கிறது. இருக்கிறது ஒரே பிள்ளை.

ஆகவே வாக்குத் தருகிறேன். விருந்து அதே ஹோலில்தான், ஆனால் உங்களுக்குக் கீழே முதல் வரிசையில் மெத்தைக் கதிரை. லாஃப்டுக்கு இனி ஒருவரும் ஏறப்போவதில்லை. அந்தச் சுழல்படியின் கீழ்க்கதவை என் கையாலேயே பூட்டி, அதன் திறப்பை, உங்கள் பேச்சில் சாவியை, இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நீங்களே வைத்திருங்கள், அப்போதுதான் என்னை நம்புவீர்கள். இருப்பது இந்த ஒன்றுதான். எடுத்ததை மக்லீனுக்கு இன்னும் சொல்லவில்லை.

பிள்ளைகள் இருவரையும் ஆண்டவரும் உங்கள் பெருமாளும் கலந்துபேசிக் காப்பாற்றட்டும். சம்பந்தி அம்மாவுக்கு இம்மாகுலேற்றின் அன்பு, அவள் என்னோடு பேசாததால் நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
கஸ்பர்

பி.கு: உறையை ஒட்டி, திறப்பு விழாமல் நாலு சுற்று டேப்பும் சுற்றிவிட்டேன், ஆகவே இதை உறையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தபால்காரர் வாசித்தால் வாசிக்கட்டும். இப்போதுதான் கோசிகா நவநீத்திடம் கேட்டுவிட்டு ஓடி வந்து சொல்கிறாள். உங்களுக்குக் கோபமே இல்லையாம், பெண்ணின் தகப்பன் முதலில் கூப்பிடட்டும் என்று மூன்று கிழமையாகப் போனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்களாம். பெயர்ப்பலகை உங்கள் வீட்டு ஹோலில் தொங்குகிறதாம். முப்பது வருடத்தில் ஒரு விசேஷத்தில் யாரும் தன்னை எழுப்பி வேலை சொல்லாமல், புருஷனுக்குப் பக்கத்தில் ஒரு மணிநேரம் சும்மா உட்கார்ந்தது அன்றைக்குத்தான் என்று சம்பந்தி அம்மா சொன்னாராம். சனிக்கிழமையும் அதே லாஃப்ட்தான் வேண்டுமாம். ஆகவே மேலே எழுதிய ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். திறப்பை மறக்காமல் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் கதவை உடைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு நீங்களாக இறங்க வேண்டாம். நான் இருபத்தியொரு படியும் ஏறி வந்து கூப்பிடுவேன்.