இரண்டாம் மாடி குதி மாமா

வீட்டைவிட்டுக் கிளம்புமுன் நீங்கள் எத்தனை தடவை குதிப்பீர்கள்?

எங்கள் மாட்டுங்கா பில்டிங்கில், இரண்டாம் மாடி குதி மாமா தினமும் இரண்டு தடவை குதிப்பார். ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, தொப், தொப். ஏதாவது கலகலத்தால் திரும்ப உள்ளே போய்விடுவார். சில்லறை கைக்குட்டை முடிச்சில், சாவிக்கு நூல் சுற்று, டிபன் கேரியருக்கு பிளானல் சட்டை. பம்பாயிலேயே சத்தம் போடாத ஒரே மனிதர் அவர்தான். பின்னால் வந்து நின்று, "பேப்பர் படிச்சாச்சா?" என்பார். அப்பா மூன்று முறை காப்பியைக் கொட்டியிருக்கிறார்.

பர்மா யுத்தத்தில் பட்டாளத்துக்கு முன்னால் போகிற ஸ்கவுட் பிளாட்டூனில் இருந்தவர். மொத்தப் பட்டாளத்திலும் பொறுக்கியெடுத்த முப்பதே பேர். எதிரி எங்கே என்று பார்க்கவேண்டும், வாய்த்தால் அடிக்கவேண்டும், திரும்பி வரவேண்டும். எனக்கோ காலேஜ் திமிர், குடைந்துகொண்டே இருப்பேன்.

"அரே மாமா, அங்கே என்னதான் பண்ணினீங்க?"

"போனோம். பார்த்தோம். வந்தோம்."

"எத்தனை பேர் போனீங்க?"

"பதினொண்ணு."

"வந்தது?"

"ஒம்பது. ஒருத்தன் பையிலே தகர டப்பா குலுங்கிச்சு."

அதற்கப்புறம் அந்தக் குதிப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஊரில் கலவரம். பட்டப்பகலிலேயே ஊரடங்கு, தெருவில் தலை தெரிந்தால் ரோந்துச் சிப்பாய்கள் சுடுவார்கள். அன்றைக்குப் பார்த்து அக்காவுக்கு இடுப்புவலி. மருத்துவச்சி ஆச்சியோ தண்டவாளத்துக்கு அந்தப்புறம், தொழிலாளிகள் குடியிருக்கும் லேபர் கேம்ப்பில்.

"நான் கூட்டிட்டு வரேன்" என்றார் மாமா. "நானும் வரேன்" என்றேன். உடனே என்னைக் குதிக்கவைத்தார். சட்டைப் பையிலிருந்த பேனா மூடி ஆடியது. பேனாவைப் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்தார்.

சந்து சந்தாகப் புகுந்து போய்ச் சேர்ந்தோம். ஆச்சி திருநெல்வேலிக்காரி. உடம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது.

"ஆச்சி, ஒரு குதி குதிங்க."

"எலே, அறுவது வயசுல என்னையக் குதிக்கச் சொல்லுதியே, கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"குலுங்கினா சுடுவான், ஆச்சி."

குதித்தாள். வளையல், சாவிக்கொத்து, கத்திரிக்கோல் டப்பா என்று ஒரு பாத்திரக்கடையே சரிந்தது. மாமா தன் சட்டையைக் கழற்றி டப்பாவைச் சுற்றினார். வளையலுக்கும் சாவிக்கும் துண்டுக் கட்டு. மறுபடி குதி. இன்னமும் டக், டக்.

"அது என்ன?"

"பல்லு செட்டுல்லா அது!"

அதுவும் மாமாவின் கைக்குட்டைக்குள் போனது.

போன வழியே திரும்பக் கூடாதாம், பிளாட்டூன் சட்டம். வேறு வழியில் வந்தால் எதிரே பூட்ஸ் சத்தம். கரிக் கிடங்குச் சுவருக்குப் பின்னால் மூவரும் படுத்தோம். பூட்ஸ் அந்தப் பக்கம் வந்து நின்றது. ஆச்சியின் வயிறு ஏறி ஏறி இறங்கியது. ஒரு வளையல்கூட முனகவில்லை. பூட்ஸ் நகர்ந்தது.

வீடு சேர்ந்து, பல்லில்லாத வாயால் ஆச்சி அக்காவை அதட்ட ஆரம்பித்த அரைமணியில் குழந்தை வீறிட்டது. மாடிப்படியில் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்த மாமா, "நல்லா கத்துடா!" என்று கத்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பயலுக்கு இப்போது இரண்டு வயது. மாமாவோடு கடைக்குக் கிளம்ப வாசலில் குதித்துக்கொண்டிருக்கிறான். கால் கொலுசு மாமாவின் கைக்குட்டையில்.